குளிர் அறைக்குப் போகும் ஒயர்

பழைய டெலிபோன்களைக் கழற்றும் வேலையில் கஷ்டமானது கழற்றுவது அல்ல, தூசிதான். மேசைக்கு அடியில், ஆட்கள் வருஷக்கணக்காகக் கால் நீட்டி உட்கார்ந்த இடத்தில், ஒயரின் மேல் படிகிற தூசிக்கு ஒரு தனிப் பிசுக்கு உண்டு. எந்த சோப்புக்கும் அது அசையாது. இந்தக் கதைக்கு உரியவரின் நகக்கண்களில் அந்தக் கறுப்பு நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. "இந்தக் கையாலயா பிள்ளையைத் தூக்கப் போறீங்க?" என்று முதல் பெண் பிறந்தபோது அவர் மனைவி கேட்டாள். இரண்டாவது பெண் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது ரேஷன் அட்டையோடு சரி. மற்ற எல்லோருக்கும் அவர் 'ஹலோ'.

அந்தப் பெயர் வந்த விதத்தைச் சொன்னால்தான் பின்னால் நடந்த கொடுமை விளங்கும். ஒரு கம்பெனி தன் பழைய டெலிபோன்களை வேண்டாம் என்று முடிவு செய்தால், கான்ட்ராக்டர் இவரை அனுப்புவார். கட்டடத்தின் ஏதோ ஒரு மூலையில், அலமாரி அளவுக்கு ஒரு பெட்டி இருக்கும். எல்லா மேசைகளிலிருந்தும் வரும் ஒயர்கள் ஜோடி ஜோடியாக அங்கேதான் வந்து சேரும். ஹலோ தன் டெஸ்ட் போனின் இரண்டு கிளிப்புகளையும் ஒவ்வொரு ஜோடியிலும் மாட்டிக் கேட்பார். ரீங்காரம் கேட்டால் அது உயிருள்ள லைன். ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டு விலகிவிடுவார். சத்தம் இல்லை என்றால், "ஹலோ... ஹலோ..." என்று இரண்டு தரம் கூப்பிடுவார். பதில் இல்லையென்றால், அந்த ஒயர் எங்கே போய் முடிகிறது என்று கூடவே நடந்து போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வந்து வெட்டுவார்.

"செத்த போன்கிட்ட என்னய்யா பேச்சு?" என்று கிண்டல் செய்வார்கள்.

"ஒரு வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி கதவைத் தட்டறதில்லையா? அது மாதிரிதான்" என்பார்.

நல்ல மனிதர். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். வாசகர்களே, கெட்டவர்கள் செய்த தவறை எழுதுவது சுலபம். பேனா தானாக ஓடும். நல்லவர்கள் செய்த தவறை எழுதும்போதுதான் அது நின்று நின்று போகிறது.

அவர் வீட்டின் முன்னறையில் மனைவியின் அண்ணன் குடியிருந்தார். ஹலோவுக்கு மச்சான். ஒரு காலத்தில் குடித்துக் குடித்து வேலையைத் தொலைத்தவர். ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் இருந்தபோது போதையில் தூங்கிப்போக, லாரியோடு சரக்குத் திருடு போயிற்று. மச்சானின் மனைவி அன்றைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள்தான். அதற்குப் பிறகு தங்கை அவரைக் கூட்டி வந்து, பச்சைப் பிள்ளையைப் போல் பார்த்து, குடியை நிறுத்தினாள். இப்போது ஊருக்கு வெளியே, காய்கறியையும் மீனையும் உறைய வைத்துப் பாதுகாக்கும் ஒரு கோல்டு ஸ்டோரேஜில் வாட்ச்மேன். சட்டையை அவரே இஸ்திரி போட்டுக்கொள்வார். தங்கை பெண்கள் இரண்டு பேரும் மாமா தோளில் ஏறித்தான் காலையில் பல் தேய்ப்பார்கள்.

அந்த கோல்டு ஸ்டோரேஜில்தான் பழைய டெலிபோன்களை எடுக்கச் சொன்னார்கள்.

ஹலோ போய் இறங்கியதும் வாசலில் மச்சான் மீசையை முறுக்கிக்கொண்டு வழிமறித்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போங்க மாப்பிள்ளை. சொந்தக்காரர்ங்கிற சலுகையெல்லாம் இங்க கிடையாது."

"ஏன் மச்சான், நேத்து என் தலகாணியை எடுத்துக்கிட்டீங்களே, அதுக்கு எங்கயாவது கையெழுத்துப் போட்டீங்களா?"

"அது என் தங்கச்சி தைச்ச தலகாணி. உங்களுக்கு அதுல பங்கே கிடையாது."

வாட்ச்மேன் அறையில் திரை வைத்த புது போன் ஒன்று மேசை மேல் இருந்தது. சுவரில் கறுப்பாக ஒரு பழைய போன் மாட்டியிருந்தது. அதில் எண்களே இல்லை. அதன் மேல் மச்சானின் தொப்பி தொங்கியது.

"இதையும் கழட்டணுமா?"

"அதை விட்டுடுங்க. அப்புறம் என் தொப்பியை எங்க மாட்டறது?" என்றார் மச்சான். இருவரும் சிரித்தார்கள். கேட்டில் இருப்பதைத் தொட வேண்டாம் என்று மேனேஜரும் சொல்லியிருந்தார். அதனால் ஹலோ மேற்கொண்டு கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி. "இது எங்கே போகுது மச்சான்?"

வழக்கமாக இந்த வேலைக்கு இருவர் வருவார்கள். ஒருவர் பெட்டியருகே, மற்றவர் ஒயரின் மறுமுனையில். அன்றைக்கு கான்ட்ராக்டர் ஹலோவை மட்டும் அனுப்பியிருந்தார். மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கி மதியத்துக்குள் அவர் முழங்கால் இரண்டும் விட்டுப்போயின. கடைசியாக ஒரு ஜோடி மிச்சம் இருந்தது. கிளிப்பை மாட்டினார். சத்தம் இல்லை. "ஹலோ... ஹலோ..." பதில் இல்லை. ஒயர் தரைக்கு அடியில் ஒரு குழாய்க்குள் நுழைந்து முற்றத்தைத் தாண்டிப் போனது. அந்தப் பக்கம் சரக்கு வைக்கும் குளிர் அறை. இரும்புக் கதவு மூடியிருந்தது. திறக்க வேண்டுமானால் போர்மேனைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

"மாப்பிள்ளை! சாப்பாடு ஆறுது, வாங்க! உங்க பொண்டாட்டி எனக்குக் குறைச்சலா வெச்சிருக்கா, உங்க டப்பாவுல இருந்துதான் எடுக்கணும்!" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

ஹலோ சிரித்துக்கொண்டே கட்டரை எடுத்தார். வெட்டினார். கை கழுவப் போனார்.

அவர் வெட்டியது என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துக் கடைசியில் திடுக்கிட வைக்க எனக்கு மனம் வரவில்லை.

குளிர் அறைக்குள்ளே, கதவுக்குப் பக்கத்துச் சுவரில், ஒரு போன் இருந்தது. யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் கூப்பிடுவதற்காக வைத்தது. மின்சாரம் போனாலும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக அதில் ஒரு சின்னக் கைப்பிடி. அதைச் சுற்றினால் அந்தச் சுற்றலிலேயே மின்சாரம் பிறந்து, வாட்ச்மேன் அறையில் கறுப்பு போன் கணகணவென்று அடிக்கும். சுற்றாதவரை அந்த ஒயரில் ஒரு முணுமுணுப்பும் இருக்காது. டெஸ்ட் போனுக்கு அது பிணம். இன்னொன்றும் உண்டு. எப்போதும் ஊமையாக இருக்கிற ஒன்று செத்துப்போனால் யாருக்குத் தெரியும்? கறுப்பு போன் அன்று மாலையும் சும்மா இருந்தது. மறுநாளும் சும்மா இருந்தது. மச்சான் வழக்கம்போல் அதன் மேல் தொப்பியை மாட்டினார்.

இரண்டு வாரம் போயிருக்கும். அன்று சனிக்கிழமை, அரைநாள் வேலை. மூட்டை தூக்குபவர்களில் 'நெட்டை' என்று ஒருவர். நிலைவாசல் எல்லாம் அவருக்குப் பகை. குனியாமல் எந்த அறைக்குள்ளும் போனதில்லை. கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை. கடைசி லாரி ஏற்றிய பிறகு, சரிந்து கிடந்த பெட்டிகளை அடுக்க அவர் பின்வரிசைக்குப் போனார். போர்மேன் எட்டிப் பார்த்தார், ஆள் தெரியவில்லை, கதவை மூடினார். உள்ளேயிருந்து தள்ளித் திறக்கும் குமிழ் எப்போதோ பனி இறுகி உறைந்துபோயிருந்தது. அதைச் சரி பண்ணச் சொல்லிப் பல தடவை கேட்டிருந்தார்கள். "பார்க்கலாம்" என்பது மேனேஜரின் பதில்.

மற்றவர்கள் லாரியிலேயே பின்வாசல் வழியாகப் போனார்கள். நெட்டையும் அதில்தான் போயிருப்பார் என்று மச்சான் நினைத்தார்.

சாயங்காலம் நெட்டையின் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"அண்ணே, அவர் இன்னும் வீட்டுக்கு வரலை. உள்ள இருக்காரா?"

"உள்ள ஒருத்தரும் இல்லம்மா. எல்லாரும் அப்பவே போயாச்சு. எங்கயாவது சிநேகிதக்காரங்களோட நிப்பாரு, வந்துடுவாரு, போம்மா" என்றார் மச்சான். குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி ஒரு பிஸ்கட்டும் கொடுத்தார்.

முற்றத்துக்கு அந்தப் பக்கம், தடித்த கதவுக்குப் பின்னால், ஒரு மனிதர் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை, கூட மூட்டை தூக்கும் ஒருவர்தான் கதவைத் திறந்தார். நெட்டை போனுக்குக் கீழே உட்கார்ந்த நிலையில் இருந்தார். ரிசீவர் தோளுக்கும் காதுக்கும் நடுவே. வலது கை கைப்பிடியைப் பற்றியபடி உறைந்திருந்தது. விரல்களைப் பிரிக்க முடியவில்லை என்று பிறகு சொன்னார்கள். இதற்கு மேல் அந்த அறையைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

போலீஸ் வந்தது. உள்ளே இருந்த போனைச் சுற்றிப் பார்த்தார்கள். வாட்ச்மேன் அறையில் கணீர் என்று மணி அடித்தது. இன்ஸ்பெக்டர் மச்சானைப் பார்த்தார்.

"சனிக்கிழமை எவ்வளவு நேரம் தூங்கினே?"

"தூங்கலை சார்! மணி அடிக்கவே இல்லை சார்!"

"அந்த ஆள் செத்துப்போற வரைக்கும் சுத்தியிருக்கான்யா. இப்ப அடிக்கிற மணி அன்னைக்கு மட்டும் அடிக்கலையா?"

பழைய கதை வெளியே வர எத்தனை நேரம் ஆகும்? குடித்தவர், முன்பே ஒரு தடவை காவலில் தூங்கி வேலை போனவர். பட்ட காலிலே படும் என்பது சும்மாவா? அன்று மத்தியானமே மச்சானை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

ஹலோவும் மனைவியும் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். கம்பிக்குப் பின்னால் மச்சான் தரையில் உட்கார்ந்திருந்தார். தங்கை கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, என்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லு. தூங்கினியா? மறுபடியும் குடிச்சியா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. உன் பிள்ளைங்க மேல சத்தியம்மா."

"பிள்ளைங்களை இழுக்காதே!" என்று அவள் கத்தினாள். அந்தக் கத்தலில் நம்பிக்கை இல்லை. மச்சான் அதைக் கேட்டுக்கொண்டார். தலை தாழ்ந்தது.

ஹலோ மெதுவாகக் கேட்டார். "மச்சான், அந்தக் கறுப்பு போன்ல டோன் வருமா?"

"டோனா? அதுல எப்பவும் எந்தச் சத்தமும் வராது மாப்பிள்ளை. குளிர் அறையில இருக்கறவன் கைப்பிடியைச் சுத்தினாத்தான் இங்க அடிக்கும். நான் வேலைக்குச் சேர்ந்தப்போ ஒரு தரம் சுத்திக் காட்டினாங்க. ஊமைக் கழுதை அது."

ஹலோவுக்குச் சத்தமில்லாத அந்தக் கடைசி ஜோடி கண் முன்னே வந்தது. கட்டர் வந்தது. செம்பு அறுபடும்போது கைக்கு வரும் அந்தச் சின்ன அதிர்வுகூடத் திரும்ப வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, என்ன ஆச்சு?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்லை. தலை சுத்துது."

நேராக கான்ட்ராக்டரிடம் போனார். கான்ட்ராக்டர் கேட்டுவிட்டு டீயை ஒரு மடக்கு குடித்தார்.

"ஒயர்ல உன் பேர் எழுதியிருக்கா?"

"இல்லை."

"அப்புறம் எதுக்கு நீயா போய்த் தலையைக் கொடுக்கறே? அதான் மணி அடிக்குதாமே. நீ வெட்டினது வேற லைனா இருக்கும்."

"வேற லைன் இல்லை முதலாளி. அது எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகட்டும். வாயைக் கட்டு. ரெண்டு பொண்ணு வெச்சிருக்கே."

ஹலோ இரண்டு நாள் வாயைக் கட்டினார். சின்னவள் முன்னறையில் நின்றுகொண்டு, "மாமா எப்ப வரும்?" என்று கேட்டாள். மூன்றாம் நாள் காலை, குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஸ்டேஷனுக்குப் போனார்.

"சார், அந்த லைனை வெட்டினது நான். மணி அடிச்சிருக்க முடியாது. எங்க மச்சான் தூங்கலை."

இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மச்சானா?"

"என் பொண்டாட்டியோட அண்ணன் சார்."

"அப்படிச் சொல்லு" என்று சிரித்தார். ஆனாலும் வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போனார். குளிர் அறைக்குள் ஒரு கான்ஸ்டபிளை அனுப்பிச் சுற்றச் சொன்னார். மணி அடித்தது. காது கிழியும்படி அடித்தது. ஹலோ ஒயர்ப் பெட்டி இருந்த மூலைக்கு ஓடினார். பெட்டியைத் திறந்தார்கள். அவர் வெட்டிய இடத்தில் டேப் சுற்றியிருந்தது.

"சார், இதை யாரோ ஒட்டியிருக்காங்க! அன்னைக்கு இது ரெண்டு துண்டா இருந்தது சார்!"

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அந்த டேப் ரொம்ப காலமா இருக்கு சார். பாவம், சொந்தக்காரரைக் காப்பாத்தணும்னு என்னென்னமோ சொல்றார். நானா இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்."

எவ்வளவு இனிமையான பேச்சு! விஷத்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பது என்பது இதுதான்.

"வீட்டுக்குப் போய்யா. பொய் சாட்சி சொன்னா உன்னையும் சேர்த்து உள்ள போட்டுடுவேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி ஓடி வந்தாள். சேதி அவளுக்கு முன்பே வந்துவிட்டது. அழுது அழுது வீங்கிய முகம். அவருடைய இரண்டு கைகளையும் எடுத்து, நகமெல்லாம் கறுத்த அந்தக் கைகளை, தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"எங்க அண்ணனுக்காகக் கொலைப் பழியைச் சுமக்கத் துணிஞ்சீங்களே! கூடப் பிறந்தவன்கூடச் செய்யமாட்டான். உங்களை என்னென்ன பேசியிருக்கேன் நான்! நீங்க மனுஷரே இல்லை, தெய்வம்."

"இல்லடி. நிஜமாவே நான்தான்..."

"போதும். என்கிட்டயும் அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டாம். எனக்குப் புரியுது."

அன்றைக்கு அவள் அவருக்குப் பிடித்ததாகப் பார்த்துச் சமைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து தோளில் தட்டி, "மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்றார். உண்மையைச் சொன்னவருக்குப் பொய்யர் என்ற பட்டம். அந்தப் பொய்க்காக ஊரே மெச்சுகிறது. ஒருவரைத் தண்டிக்க இதைவிடக் கொடிய வழியை எந்தக் கோர்ட்டாவது கண்டுபிடித்திருக்கிறதா?

அடுத்த வாரம் ஜெயிலுக்குப் போனார். மச்சான் மெலிந்திருந்தார். ஆனால் முகத்தில் ஒருவித அமைதி வந்திருந்தது. அது ஹலோவை பயமுறுத்தியது.

"கேள்விப்பட்டேன் மாப்பிள்ளை. எனக்காக ஸ்டேஷன் வரைக்கும் போனீங்களாமே. இனிமே போகாதீங்க."

"மச்சான், கேளுங்க. பொய் இல்லை. நான் வெட்டினேன். சாப்பிடக் கூப்பிட்டீங்களே, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி..."

"விடுங்க. நான் ராத்திரி பகலா யோசிச்சுப் பார்த்துட்டேன்." மச்சான் குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்குச் சாப்பிட்டதும் கண்ணு சொருகிச்சு. இப்ப நல்லா ஞாபகம் வருது. தூரத்துல ஏதோ மணி அடிக்கிற மாதிரி... கனவுல கேக்கற மாதிரி... கேட்டேன் மாப்பிள்ளை. எழுந்திருக்கலை. அந்தப் பொண்ணுகிட்ட வேற, உள்ள ஒருத்தரும் இல்லைன்னு வாய் கூசாம சொன்னேன். கோர்ட்டுல ஒத்துக்கப் போறேன். ஒத்துக்கிட்டா மனசு ஆறும்."

ஹலோ கம்பியில் தலையை முட்டிக்கொண்டார். அடிக்காத மணியை ஒரு மனிதர் கேட்டுக்கொண்டிருக்கிறார்! தன் தங்கை நம்பவில்லை, ஊர் நம்பவில்லை. கடைசியில் அவரே தன்னை நம்பவில்லை. கோர்ட்டில் ஒரு வார்த்தை ஒப்புக்கொண்டால் போதும், ஜெயில் தண்டனை நிச்சயம். வெளியே வந்தாலும் அந்த மணி விடாது.

யாரிடம் சொல்வது? நம்ப யார் இருக்கிறார்கள்?

ஒரே ஒரு வீடு பாக்கி இருந்தது. அந்த வீட்டு வாசலை மிதிக்கத்தான் அவருக்கு தைரியம் இல்லை. இருந்தும் அன்றே போனார்.

நெட்டையின் மனைவி குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒற்றை அறை. கட்டில், அடுப்பு, மூலையில் ஒரு தொட்டில். ஆணியில் ஒரு நீளமான சட்டை இன்னும் தொங்கியது.

"யாரு?"

"நான் வாட்ச்மேனோட தங்கச்சி வீட்டுக்காரர்ம்மா."

அவள் முகம் இறுகியது. "அவருக்காகக் கெஞ்ச வந்தீங்களா? வழக்கை விடச் சொல்லவா?"

"இல்லம்மா. உன் புருஷன் சுத்தின போனோட ஒயரை வெட்டினவன் நான். செத்த லைன்னு நினைச்சேன். கடைசி வரைக்கும் போய்ப் பார்க்காம வெட்டிட்டேன். அவர் எவ்வளவு சுத்தியிருந்தாலும் மணி அடிச்சிருக்காது."

குழந்தை சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்து வந்தாள். பளார் என்று அவர் கன்னத்தில் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். அவர் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. அறைந்து ஓய்ந்து அவள் தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"போலீஸ்காரங்க நான் பொய் சொல்றேங்கறாங்கம்மா. நீயாவது நம்பறியா?"

"பொய் சொல்றவன் போலீஸ்கிட்டதான்யா போவான்" என்றாள் அவள். "என்கிட்ட வரமாட்டான்."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்போதே கிளம்பினாள். அவர் பின்னால் நடந்தார். அவள் போனது, திங்கட்கிழமை கதவைத் திறந்த அந்த மூட்டைக்காரர் வீட்டுக்கு. அவர் நெட்டையோடு ஒரே லாரியில் போய் வந்தவர். இவளைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

"நில்லுங்க அண்ணே. இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் பிடிங்க" என்று குழந்தையை அவர் கையில் திணித்தாள். "இதைப் பார்த்துக்கிட்டே சொல்லுங்க. அன்னைக்குக் காலையில அந்த போன் வேலை செஞ்சுதா?"

குழந்தை அவர் மூக்கைப் பிடித்தது. அப்பன் சாயல் அப்படியே இருந்தது.

"செய்யலை தங்கச்சி. நான்தான் சுத்திப் பார்த்தேன். செத்துக் கிடந்தது. மேனேஜர் போலீசுக்குச் சொல்றதுக்கு முன்னாடி ஒயரிங் வேலை செய்யறவரைக் கூப்பிட்டு, வெட்டிக் கிடந்த ஒயரை ஒட்ட வெச்சார். வெளியே சொன்னா ஒருத்தருக்கும் வேலை இருக்காதுன்னார். எனக்கும் பிள்ளைங்க இருக்கு தங்கச்சி..."

"வாங்க" என்றாள் அவள். "இப்பவே."

புருஷனைப் பறிகொடுத்தவளே வந்து நின்று, "வாட்ச்மேன் இல்லை, இந்த ஆள்தான். அந்த மேனேஜரும்தான்" என்று சொன்னபோது இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அந்த ஒயரிங்காரரை அழைத்து வந்தார்கள். அவர் ஒரு அதட்டலுக்கே எல்லாவற்றையும் கக்கிவிட்டார். மேனேஜரைப் பிடித்தார்கள். இரண்டு பேர் வேலைக்கு ஒருவரை மட்டும் அனுப்பிய கான்ட்ராக்டர் வக்கீல் வைத்து ஜாமீனில் வெளியே நின்றார். ஹலோவுக்கு வக்கீல் வைக்க ஆள் இல்லை. அவர் கேட்கவும் இல்லை. நீதிபதி கேட்டபோது, "நான்தான் ஐயா. போய்ப் பார்த்திருக்கணும். பார்க்கலை" என்றார். தண்டனை வந்தது.

அன்று கோர்ட்டு வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவரைக் கூட்டிப்போகும்போது எதிரே வந்தாள்.

"அப்போ அது பொய்யில்லையா?" என்றாள். அவ்வளவுதான். தன் இரண்டு கண்களையும் முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள், ஏதோ ஒட்டிக்கொண்டதைத் துடைப்பதுபோல. திரும்பி நடந்தாள்.

அதற்குப் பிறகு அவரைப் பார்க்க அவள் வரவில்லை. வந்தவர் மச்சான்தான். விடுதலையாகி இப்போது ஒரு மர டிப்போவில் பகலில் சரக்கு எண்ணும் வேலை. தங்கை வீட்டையும் அவரே பார்த்துக்கொள்கிறார். பெண்கள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்தில் விடுகிறார்.

ஒரு நாள் சோப்பும் பனியனும் வாங்கிக்கொண்டு வந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"பெரியவ உங்களை மாதிரியே பிடிவாதக்காரி மாப்பிள்ளை. சின்னவ பரவாயில்லை."

"உங்க தங்கச்சி எப்படி இருக்கா?"

"பேசமாட்டேங்கறா. தையல் மெஷினே கதின்னு கிடக்கறா. ஆனா இந்தப் பனியனை அவதான் எடுத்து வெச்சா. நான் கேக்கலை."

ஹலோ பனியனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அடுத்தடுத்து நின்ற கைதிகளும் வீட்டாரும் ஒருவர் குரலை ஒருவர் அமுக்கிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மச்சான்."

"நான் தூங்கலைல்ல?"

"தூங்கலை மச்சான்."

"இன்னமும் அப்பப்போ கேக்குது. டிப்போவுல மரத்தை எண்ணிக்கிட்டு இருப்பேன், திடீர்னு மணி அடிக்கும். எங்க அடிக்குதுன்னு எழுந்து ஓடறேன். எல்லாரும் சிரிக்கறாங்க." அவர் கம்பியை இறுகப் பிடித்தார். "கோர்ட்டுல உங்களையும் சேர்த்து எல்லாரும் பொய் சொல்லியிருந்தா? எனக்காக எல்லாரும் சேர்ந்து..."

காவலர் கைதட்டி நேரமாயிற்று என்றார். ஆட்கள் நகரத் தொடங்கினார்கள். மச்சான் நகரவில்லை. காவலர் வந்து அவர் தோளைத் தொட்டார்.

ஹலோ எழுந்தார். முகத்தைக் கம்பியில் பதித்துக்கொண்டு, அந்த அறையில் இருந்த கைதிகள், காவலர்கள், பெண்டு பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார்:

"நீங்க தூங்கலை மச்சான்! மணி அடிக்கவே இல்லை! நான்தான் வெட்டினேன்!"